தம்பி ஊருக்கு வந்தான்

வெளியூர் போய்விட்டு சிவகிரிக்குத் திரும்புகிற எவனும் மூன்று கேள்விகளைத் தாண்டித்தான் வீட்டுக்குள் கால் வைக்க முடியும். பஸ் விட்டு இறங்கியதும் ‘எப்ப வந்த?’ டீக்கடையில் ‘எப்ப போற?’ தெருமுனையில் ‘எவ்வளவு தாரான்?’

முதல் இரண்டுக்கும் என்ன சொன்னாலும் ஒன்றுதான். கேட்டவர் பதிலுக்கு நிற்க மாட்டார். மூன்றாவதுக்கு மட்டும் நிற்பார். சொன்ன தொகையை மனசுக்குள் பன்னிரண்டால் பெருக்கி, தன் பையன் சம்பளத்தோடு ஒப்பிட்டு, நிம்மதியோ வயிற்றெரிச்சலோ எது வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு போவார்.

என் அக்கா மகன் 2022 ஆகஸ்ட் 11-ம் தேதி காலையில் அந்த மூன்றாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு முழித்தான்.

(சிவகிரி என்றதும் ‘ஈரோடு பக்கமா?’ என்று கேட்காதீர்கள். அது வேறு சிவகிரி. இது ராஜபாளையத்தைத் தாண்டி, வாசுதேவநல்லூருக்கு முன்னால், மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிற சிவகிரி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து தென்காசி ஜில்லா. என் அப்பா கடைசி வரை திருநெல்வேலி ஜில்லா என்றுதான் விலாசம் எழுதினார். தபால் வராமல் இல்லை.)

பையன் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் வருஷம். வீட்டில் அவனுக்குப் பெயர் ‘தம்பி’. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அத்தானுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி. எலுமிச்சைக்குப் புளியங்குடி எப்படிப்பட்ட ஊர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகிறது. அத்தானின் கொள்கை எளிமையானது. “படிக்கட்டும் மாப்ளே. படிச்சு முடிச்சு மண்டிக் கணக்கைப் பாக்கட்டும்.” பையனுக்கு மண்டியில் இஷ்டம் இல்லை. ஆனால் வேறு எதிலாவது இஷ்டமா என்றால் அதுவும் தெரியவில்லை. இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தபோது, இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, வயிற்று வலி என்று ஹாஸ்டலில் போர்வைக்குள் படுத்துக்கொண்டவன் அவன். வகுப்பில் ஒரு தடவை எழுந்து நின்று நாலு வரி இங்கிலீஷ் பேசினானாம். பின் பெஞ்சு சிரித்ததாம். அதிலிருந்து அந்த பாஷையைக் கண்டாலே வயிறு நிஜமாகவே வலிக்கும்.

இப்படிப்பட்டவனைத்தான் கல்லூரியிலிருந்து செஸ் ஒலிம்பியாடுக்கு வாலன்டியராக அனுப்பினார்கள்.

ஞாபகம் இருக்கிறதல்லவா அந்த ஜூலை, ஆகஸ்ட்? 44-வது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் போட்டியை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் சென்னைக்கு வந்தது. வருஷக்கணக்கில் ஏற்பாடு செய்கிற சமாச்சாரத்தை நாலைந்து மாதத்தில் செய்து முடித்தோம். நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கே மண்டபம் கிடைக்க ஒரு வருஷம் ஆகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம். மாமல்லபுரம் பூஞ்சேரியில் ஆட்ட அரங்கு. ஓபன் பிரிவில் 186 நாடுகள், பெண்கள் பிரிவில் 160 நாடுகள். இரண்டும் சேர்த்து ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல் உட்கார்ந்து காய் நகர்த்தினார்கள். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு பெயின்ட் அடித்தார்கள். ஆவின் பால் பாக்கெட்டில்கூட செஸ் வந்தது.

அதற்கு ஒரு சின்னம் வைத்தார்களே, வேட்டி சட்டை கட்டி, கை கூப்பி நிற்கிற குதிரை? அதன் பெயர் ‘தம்பி’!

நம்ம தம்பியின் முதல் நாள் எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். “தம்பியை இங்க வை”, “தம்பியை அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போ”, “தம்பி மேல சாயாதீங்க” என்று நாலு பக்கமும் குரல். ஒவ்வொரு தடவையும் இவன் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் கழுத்து சுளுக்கிவிட்டதாம்.

வேலை என்னவென்றால், பஸ். ஆட்டக்காரர்கள் மகாபலிபுரத்தைச் சுற்றியும் இரண்டு கடற்கரைச் சாலைப் பக்கமும் பல ஓட்டல்களில் தங்கியிருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து இறக்கி, ஆட்டம் முடிந்ததும் எந்த நாட்டுக்காரர் எந்த ஓட்டல், எந்த பஸ் என்று பார்த்து ஏற்றிவிட வேண்டும். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், “தென்காசி, தென்காசி, தென்காசி... தென்காசி ஆள் ஏறு!” அவ்வளவுதான். கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கும்.

பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்துக்கு வருகிற நேரம் விடிந்தும் விடியாமலும் இருக்கும். என் ஆபீசும் ராஜபாளையத்தில்தான் என்பதால் கூட்டி வருகிற பொறுப்பு என் தலையில். இறங்கினவன் இளைத்திருந்தான். முகம் கறுத்திருந்தது. தோளில் பை, கையில் ஒரு சின்னக் குதிரை பொம்மை.

“என்னலே, எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு மாமா.”

ஸ்கூட்டரில் சிவகிரி வந்து சேரும் வரை அவ்வளவுதான் பேச்சு. ஆடிக் காற்று வேறு. வாயைத் திறந்தால் மண்.

ஊருக்குள் வந்ததும் ஆரம்பித்தது விசாரணை.

டீக்கடைப் பெரியவர்: “செஸ்ஸுன்னா நம்ம ஆடுபுலி மாதிரிதானடே? அதை ஆடவா நாடு நாடா பிளேன் ஏறி வாரானுவ?”

கட்சிக்காரர்: “தலைவரைப் பக்கத்துல பாத்தியா?”

பிளஸ் டூ பையன்கள்: “அண்ணே, கடைசி நாள் தோனி வந்தாராமே? செல்ஃபி எடுத்தீங்களா?”

ஆகஸ்ட் 9-ம் தேதி நிறைவு விழாவுக்கு தோனி வந்தது வாஸ்தவம். அது சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். நம்ம ஆள் அந்த நேரத்தில் மாமல்லபுரத்தில் உகாண்டாக்காரர்களின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். இதைச் சொன்னதும் பையன்கள் முகம் சுருங்கிவிட்டது. செஸ் போட்டிக்குப் போய்விட்டு கிரிக்கெட்காரரைப் பார்க்காமல் வந்தால் எதற்குப் போக வேண்டும் என்கிற முகம்.

கடைசியாக எதிர் வீட்டுக்காரர். “எவ்வளவு குடுத்தான்?”

பையன் ஒரு தொகை சொன்னான். அதை இங்கே எழுதினால் அக்கா என்னோடு பேச மாட்டாள். எதிர் வீட்டுக்காரர் அதைப் பன்னிரண்டால் பெருக்கக்கூட முயற்சிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டில் வேறு கவலை. அக்கா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள். “ஏ தம்பி, பையன் ஏன் இப்படி மெதுவாப் பேசுதான்? காய்ச்சல் கீச்சல் அடிக்கா?”

நானும் கவனித்தேன். நிஜம்தான். இட்லி வேண்டுமா என்று கேட்டால் ரகசியம் மாதிரி பதில் சொல்கிறான். தட்டை சத்தம் இல்லாமல் வைக்கிறான். விசாரித்ததில் விஷயம் வந்தது. ஒரே ஒரு நாள் அவனை ஆட்ட அரங்குக்குள் நிறுத்தியிருக்கிறார்கள்.

“நூத்துக்கணக்குல ஆளு மாமா. ஒரு சத்தம் கிடையாது. செல்போன் உள்ளயே கொண்டுபோகக் கூடாது. ஒருத்தர் இருமினா நாலு வரிசை தள்ளிக் கேக்குது. எனக்குத் தும்மல் வந்துச்சு. அடக்கி அடக்கி கண்ணுல தண்ணியே வந்துட்டு.”

மார்க்கெட், மண்டி, மைக் செட், கண்டக்டர் விசில் இவற்றுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. இப்படி ஒரு அமைதி உலகத்தில் இருக்கிறது என்பதே அவனுக்குச் செய்திதான். நமக்கெல்லாம் சத்தம் இல்லாத இடம் என்றால் ஆஸ்பத்திரி. அதிலும் ராத்திரி பத்து மணிக்கு மேல்.

அன்றைக்குத்தான் இந்திய வீராங்கனை ஹரிகாவையும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். துரோணவல்லி ஹரிகா ஒன்பதாம் மாதக் கர்ப்பத்தோடு வந்து ஆடிய போட்டி அது. அவருடைய அணி கடைசிச் சுற்று வரை முதல் இடத்தில் இருந்தது. கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தோடு நின்றது. இதையெல்லாம் பையன் விளக்கிக்கொண்டே போக, அக்காவுக்கு ஒன்பதாம் மாதத்துக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

“ஒம்பது மாசத்துலயா? எம்புட்டு நேரம் உக்காந்திருப்பா? இடுப்பு என்னத்துக்கு ஆகும்? வளைகாப்பு போட்டாச்சா? யாரு கூட வந்திருந்தா?”

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பாலஸ்தீனத்திலிருந்து வந்து ஆடினாள், போட்டியிலேயே சின்னவள் அவள்தான் என்றதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். சதுரங்கத்தில் ராணி எப்படி நகரும் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சிறுமி ராத்திரி சாப்பிட்டாளா என்று கேட்ட ஒரே ஆள் சிவகிரியில் அவள்தான்.

சாயங்காலம் அத்தான் வந்தார். பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதான் சம்பாத்தியமா?”

நான் பேச்சை மாற்றுவதற்காக, “அங்க பாத்ததுல உனக்கு எது ரொம்பப் பிடிச்சுதுலே?” என்று கேட்டு வைத்தேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். “தோத்தவங்களும் கையெழுத்துப் போடணும் மாமா.”

ஒவ்வொரு ஆட்டக்காரரும் தான் ஆடிய ஆட்டத்தை ஒரு தாளில் நகர்வு நகர்வாக எழுதிக்கொண்டே வர வேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் கை குலுக்கி, முடிவைக் குறித்து, இரண்டு தாளிலும் கையெழுத்து. ஜெயித்தவன் போடுவதில் என்ன இருக்கிறது? தோற்றவன், மூக்கு சிவந்துபோய், கை நடுங்க, தன் தோல்வியைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறானாம். சில பேர் போகக்கூட மாட்டார்களாம். வெளியே வந்து, ஜெயித்தவனிடமே, ‘நான் எங்கே விட்டேன்?’ என்று கேட்டு மறுபடியும் காய் அடுக்குவார்களாம்.

அத்தான் பொம்மையைக் கீழே வைத்தார். “மண்டியில எடைச் சீட்டுக்குக் கையெழுத்து வாங்குறதுக்கே எனக்கு உசிரு போகுது. விலை இறங்கினா ஒருத்தன் கையெழுத்துப் போட மாட்டான்” என்றார். அன்றைக்கு அத்தான் கேட்டதிலேயே அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். அதற்கப்புறம் பையன் பேசியதை எழுந்து போகாமல் கேட்டார்.

எட்டு ஆட்டம் வரிசையாக ஜெயித்த குகேஷின் கதையையும் அப்போதுதான் சொன்னான். அந்த சென்னைப் பையனுக்கு அப்போது பதினாறு வயசு. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவோடு ஜெயிக்கிற நிலையில் இருந்து ஆட்டத்தைக் கோட்டை விட்டார். அவரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். முதல் போர்டில் தனிநபர் தங்கம் அவருக்குத்தான் கிடைத்தது. மாக்னஸ் கார்ல்சனுக்கு அதில் வெண்கலம். அணிக்கான தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. தரவரிசையில் பதினாலாவதாக வந்த அணி! எல்லாம் இளவட்டம்.

“அவங்கள்லாம் இங்கிலீஷ்ல பொளந்து கட்டியிருப்பாங்களே?” என்றேன்.

இந்தக் கேள்விக்குத்தான் பையன் காலையிலிருந்து காத்திருந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அதான் மாமா இல்ல!”

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம்ம ஊர்க் கணக்குப்படி உலகம் இரண்டு வகை. ஒன்று நாம், இங்கிலீஷ் வராதவர்கள். இன்னொன்று, வெள்ளைக்காரர்கள், இங்கிலீஷ் வருபவர்கள். வெளிநாட்டுக்காரன் என்றாலே இங்கிலீஷ்காரன். மாமல்லபுரத்து பஸ் வரிசையில் பன்னிரண்டு நாள் நின்ற பிறகுதான் பையனுக்குத் தெரிந்திருக்கிறது, வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் நம்ம ஆட்கள்தான் என்று. ஸ்பானிஷ் பேசுகிற நாடு எத்தனை, அரபி பேசுகிற நாடு எத்தனை, பிரெஞ்சு பேசுகிற ஆப்பிரிக்கா எத்தனை! முதல் நாள் ஒரு தென்னமெரிக்கக் கோச் வந்து, இவன் முன்னால் நின்று, கண்ணை மூடி, வார்த்தை தேடி, கடைசியில் “பஸ்... ஓட்டல்... மை?” என்றாராம். இவன் வார்த்தை தேடி, “யுவர் பஸ்... திஸ்... ஃபைவ் மினிட்” என்றானாம். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. அவர் இவன் தோளில் தட்டிவிட்டு ஏறிப் போனார்.

“அவருக்கு வெக்கமே இல்ல மாமா. தப்பாப் பேசுறோமேன்னு ஒரு இதுவே இல்ல. பஸ் வேணும், கேட்டார். அவ்வளவுதான்.”

மூன்றாம் நாளிலிருந்து இவனும் வெட்கத்தை விட்டுவிட்டான். கென்யாக்காரர்களோடு பேச்சு. மங்கோலியாக்காரர்களோடு பாதி பேச்சு, பாதி கை. ஒரு நாள் பஸ் வர தாமதமானபோது நின்று கத்தியவர்களைச் சமாளித்தது இவன்தான். எந்த வாக்கியமும் இலக்கணப்படி முடிந்திருக்காது என்பது என் அனுமானம். பஸ் வந்து சேர்ந்தது, ஆட்கள் ஏறினார்கள்.

ஆபீசில் மேலதிகாரி முன்னால் ‘எஸ் சார்’ தவிர வேறு வார்த்தை வராமல் இருபது வருஷம் ஓட்டுகிற என் போன்றவர்களைக் கேளுங்கள், இது எத்தனை பெரிய சமாச்சாரம் என்று. இங்கிலீஷ் தெரியாததால் கெட்டவர்களைவிட, தெரிந்த நாலு வார்த்தையை வெளியே விடப் பயந்து கெட்டவர்கள்தான் நம் ஜில்லாவில் அதிகம். முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத் தரும் புத்தகங்கள் எல்லா வீட்டுப் பரணிலும் இருக்கின்றன. பதினோராம் நாள் பாடத்தில் அடையாள அட்டை சொருகியபடி.

அத்தான் கேட்டார். “எல்லாரும் ஊருக்குப் போயாச்சா?”

“போயிட்டாங்கப்பா. உக்ரைன்காரங்களைத் தவிர எல்லாருக்கும் பிளேன் இருந்துச்சு.”

பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது உக்ரைன். பிப்ரவரி 24-ம் தேதியிலிருந்து அந்த நாட்டு வானத்தில் பயணிகள் விமானமே கிடையாது. பக்கத்து நாட்டில் இறங்கி, அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்துத்தான் உள்ளே போக வேண்டும். எந்தப் போட்டியை யுத்தம் ஓர் ஊரிலிருந்து பிடுங்கி நம்ம ஊருக்குத் தந்ததோ, அந்தப் போட்டியில் யுத்தத்துக்குள்ளிருந்து வந்த பெண்கள் முதலாவதாக வந்தார்கள். தங்கத்தை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போக அவர்களுக்கு வழி இல்லை. நம்ம பையன் எக்மோரில் ராத்திரி ஏறி, படுத்துத் தூங்கி, விடிகாலையில் மாமன் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டான்.

அக்கா, “புள்ளைகளைப் பெத்தவ என்ன பாடு படுவாளோ” என்றாள். அத்தான் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய், வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார்.

ராத்திரி மொட்டை மாடியில் பையன் என்னிடம் சொன்னான். அடுத்த மாதம் இரண்டு கம்பெனி வருகிறது, இரண்டுக்கும் போகப் போகிறான். அப்பாவிடம் நான் சொல்ல வேண்டும். தாய்மாமன் எதற்கு இருக்கிறான்?

சொன்னேன். அத்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “போகட்டும் மாப்ளே. கிடைக்கலன்னா மண்டி எங்கயும் ஓடிப் போயிடாது” என்றார். அவருடைய அகராதியில் இது ஆசீர்வாதம்.

முதல் கம்பெனியில் கிடைக்கவில்லை. போன் பண்ணினான். குரலில் வருத்தம் இருந்தது, வயிற்று வலி இல்லை. “மூணாவது கேள்வியில விட்டுட்டேன் மாமா. கேட்டவர்கிட்டயே என்ன பதில் சொல்லியிருக்கணும்னு கேட்டேன். சொன்னார்.” இரண்டாவது கம்பெனி, கப்பலில் சரக்கு அனுப்புகிற கம்பெனி, எடுத்துக்கொண்டது. இப்போது சென்னையில், தினமும் எந்தெந்த நாட்டுக்காரனோடோ போனில் மல்லுக்கட்டுகிறான். பேசுவது இன்னும் திஸ், தட், ஃபைவ் மினிட் ரகம்தான் என்று அவனே சொல்கிறான். சரக்கு போய்ச் சேருகிறது.

மண்டிக்கு ஒரு கணக்குப்பிள்ளை போட்டாயிற்று. அத்தானுக்கு அவர் மேல் தினமும் ஒரு புகார்.

2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை ஜெயித்து குகேஷ் உலக சாம்பியன் ஆனார். பதினெட்டு வயசு. மறுநாள் காலை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடைப் பெரியவர் பேப்பரை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

“ஏ வே! இந்தப் பையனைத்தானே நம்ம தம்பி தினம் பஸ்ஸுல ஏத்திவிட்டான்?”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அங்கேயே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“இல்ல மாமா” என்றான் பையன், பின்னால் ஆபீஸ் சத்தம். “இந்தியா டீம் நம்ம லைன்லயே கிடையாது. நம்ம லைன் உகாண்டா, பொலிவியா...”

பெரியவர் பேப்பரை மடித்தார். “சரி, அவனுவளும் பாவம், யாராவது ஏத்திவிடணும்லா” என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு டீ சொன்னார்.